பொதுப்பெட்டியின் ஒற்றைக் கண்

“நில்லுன்னு சொல்லுதே! எதுக்குய்யா நில்லுன்னு சொல்லுது?”

ராஜபாளையத்துப் பொறியியல் கல்லூரித் திடலில், ஓட்டுநர் இல்லாமல் ஓட வேண்டிய ஜீப் ஆணியடித்தாற்போல் நின்றது. பேராசிரியர் வேல்சாமியின் மீசைதான் ஓடத் துடித்தது. வண்டிக்குள்ளிருந்த கம்ப்யூட்டர் திரையில் ‘ரெட் - ஸ்டாப்’ என்ற எழுத்துகள் அசையாமல் முறைத்தன.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஐப்பசி மாதம். தானே ஓடும் வண்டிக்குப் புரோகிராம் எழுதுவது அவரவர் பாடு. சோதனையின்போது வண்டிக்குக் கண்ணாகப் பொருத்தும் கேமராப் பெட்டியோ பொதுச்சொத்து. சென்னை ஆய்வுக்குழு தந்த அந்த ஒற்றைப் பெட்டி, ஒரு வாரம் இங்கே, மறு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் என்று பஸ்ஸில் போய்வந்தது. இன்று வண்டி ஓடாவிட்டால் பெட்டி சென்னைக்கே திரும்பிவிடும். தீர்ப்புச் சொல்ல வந்திருந்த குழுத்தலைவி மெகராஜ் பேகம், வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தார்.

வேல்சாமி பகுத்தறிவு மேடைகளில் முழங்குபவர். ஆயுத பூஜை வாரத்தில் பெட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என்று அறிந்ததுமே கொதித்தெழுந்து, அதன் நெற்றியில் ‘பொட்டு வைக்காதீர்!’ என்று புரட்சிக்குரிய நிறத்தில் தம் கையாலேயே தீட்டி, எழுத்தின் சூடு ஆறுமுன்னே பஸ்ஸேற்றி அனுப்பியவர். இன்று காலைதான் பெட்டி திரும்பியிருந்தது.

“செவப்பா எது இருந்தாலும் அப்புறப்படுத்துங்கய்யா!”

தீயணைப்பு வாளிகள் போயின. கொடிக்கம்பம் போயிற்று. அரக்குச் சேலை கட்டியிருந்த நூலகர் வெள்ளத்தாயையும் விடவில்லை.

“எஞ் சேலை ஒங்க வண்டிய என்ன சார் செஞ்சுச்சு?”

“விஞ்ஞானத்துக்காக வீட்டுக்குப் போங்கம்மா!”

“நல்ல விஞ்ஞானம்! லீவ ஒங்க கணக்குல எழுதிக்கிடுங்க.” அவர் போய்விட்டார். வண்டி போகவில்லை.

வேல்சாமி புரோகிராமில் சிவப்பை அறியும் கூர்மையைப் பாதியாக்கினார். வண்டி முனகியது, நகரவில்லை. பொறுமை இழந்தவர், சிவப்பென்ற சொல்லையே புரோகிராமிலிருந்து வேரோடு பிடுங்கி எறிந்தார்.

ஜீப் பாய்ந்தது! கைதட்டல் எழுந்தது. எல்லையில் நின்ற மாணவர் சிவப்புக் கொடியை ஆட்டினார். ஜீப் அதைப் பொருட்படுத்தவில்லை. மாணவர் கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். கைப்பந்து வலையை மணமாலையாகச் சூடிக்கொண்டு, விருந்தினருக்கான பந்தலுக்குள் புகுந்து, மோர்ப்பானையை உடைத்து, மைக்கைச் சாய்த்த பிறகே அந்த ஜீப் அமைதி அடைந்தது.

காலையில் பெட்டியோடு வந்து பந்தலில் அமர்ந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேராசிரியர் முத்து முகம்மது, சட்டையில் வழிந்த மோரைத் துடைத்தார். “எங்க ஊர்லயும் ஒரு வாரமா இதே கதைதான், அண்ணாச்சி. நில்லு, நில்லுன்னே உசுர வாங்கிருச்சு. எங்க புரோகிராம்தான் தப்புன்னு நெனச்சோம்.”

“ஒரு வாரமாவா?” வேல்சாமிக்குப் பொறி தட்டியது. பெட்டியின் முன்னே குனிந்து உற்றுப் பார்த்தார். கேமராவின் கண்ணாடியில், நட்டநடுவே, வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு!

“பார்த்தீர்களா இந்த அநியாயத்தை!” பேச்சு மேடைத் தமிழுக்கு ஏறியது. “இரு ஊரும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் கருவி! அதன் கண்ணைக் குங்குமத்தால் குருடாக்கிய கை எது? மூடத்தனமே, நீ கம்ப்யூட்டரையும் விட்டுவைக்க மாட்டாயா?”

“அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க. நானா பொட்டு வைப்பேன்?”

“ஒங்க லேப் அசிஸ்டெண்ட் சுடலையம்மாள் வச்சிருப்பாங்க!”

முத்து முகம்மதுவுடன் வந்திருந்த சுடலையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தார். “ஏன் சார், பாத்தீகளா? எங்க லேப்புல ஸ்குரூ டிரைவருக்குக்கூடப் பொட்டு வச்சோம், ஒத்துக்கிடுதேன். இந்தப் பெட்டியில நீங்க எழுதியிருந்ததப் படிச்சிட்டு, மரியாதைக்கு இத மட்டுந்தான் விட்டுவச்சோம்!”

“பொய்! பொட்டு கண்ணெதிரே இருக்கிறது! பழைமைவாதிகளின் கையில் சிக்கிய பொதுச்சொத்து என்னவாகும் என்பதற்கு இதுவே சாட்சி! இந்தக் கறையை வைத்தவர் எவரோ, அவர் இந்தக் கருவியைத் தொடும் தகுதியை இக்கணமே இழந்தார்! இதை நான் சென்னைக்கு முன்மொழிகிறேன்!”

“வழிமொழிகிறேன்” என்று எழுந்து வந்த மெகராஜ் பேகம், கண்ணாடிப் பொட்டைத் தண்ணீரால் துடைத்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார். ஏடாக உரிந்து வந்ததை வேல்சாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

“குங்குமம் இப்படி உரியாது, வேல்சாமி. இது பெயிண்ட். மேலே ‘பொட்டு வைக்காதீர்’னு எழுதினீங்களே, அதுல இருந்து சொட்டினது.”