சிங்காசா மலைக் கரடி

எவேலியோவுக்குச் சிங்காசா மலைக் கரடியைப் பார்த்தே தீர வேண்டும். இருபத்திரண்டு வருடத்து ஆசை. ஃபோமேக்கே ஊரில் ரொட்டி சுட்டு விற்கிறவர். விடியற்காலையில் மாவு பிசையும்போது ஜன்னலில் மலை தெரியும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தக் கரடி அங்கேதான் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் கை நின்றுவிடும். மாவு புளித்துவிடும்.

மனைவி நூபியாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"மச்சுப்படி ஏறவே முழங்கால் கத்துது. மலை கேக்குதா உங்களுக்கு?"

ஆகவே ரகசியமாகத் தேசியப் பூங்காவில் அனுமதிக்கு எழுதிப் போட்டார். சனிக்கிழமை மெல்ல ஆரம்பித்தார்.

"நாளைக்குத் தம்பியைப் பார்த்துட்டு வரேன். அவனுக்குச் சளி."

"சளியைப் பார்க்க பூட்ஸ் எதுக்கு?"

"அவன் வீட்டு வாசல்ல சேறு."

"ஐயோ பாவம். போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக நூபியா எதையும் விட்டதில்லை. சந்தோஷத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் மலையில் மூடுபனி. முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் அழுதது. பாதையோரம் ஒரு செடி குருத்தோடு பிய்ந்து கிடந்தது.

"காலையில தின்னுருக்கு. பக்கத்துலதான் இருக்கும்" என்று கிசுகிசுத்தார் கூட வந்த வனக்காவலர்.

எவேலியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரக் குருத்தைத் தொட்டுப் பார்த்தார். அவசரமாகப் பைனாகுலர் உறையைத் திறந்தார். உள்ளே முழங்கால் தைலம்.

வளைவைத் தாண்டினால், பாறைமேல் போர்வையும் பைனாகுலருமாக நூபியா!

"ஷ்ஷ்! இப்பதான் போச்சு."

"நீ எப்படி இங்க?"

"பூங்காவிலேர்ந்து போன் பண்ணினாங்க. ஒருத்தர்தானான்னு கேட்டாங்க. ரெண்டு பேர்னு சொல்லிட்டு முதல் ஜீப்புல வந்துட்டேன்."

"உனக்கு எதுக்கடி கரடி?"

"கல்யாணமான வருஷம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது யாரு? நானும் அதே ஜன்னல்லதானே நின்னேன், இத்தனை வருஷமா?"

எவேலியோ பக்கத்தில் உட்கார்ந்து பைனாகுலரை வாங்கினார். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. வெகுநேரம் பார்த்தார்.

"எப்படியிருந்துச்சு?" என்று கேட்டார்.

"தாயும் குட்டியும். தாய் திரும்பி என்னையே பார்த்துச்சுங்க."

"எனக்குக் குடுத்து வைக்கலையே, நூபியா!"

அவள் தைலத்தை எடுத்து அவர் முழங்காலில் தேய்த்தாள்.

"என்ன பண்றது? நான் கரடியைப் பார்த்தேன். நீங்க கரடி விட்டீங்க."