நான்கு விரற்கடை வெளியே

என் மனைவியை அணியிலிருந்து நீக்குவதென்று நான் முடிவெடுத்தது குளியலறையில். எங்கள் வீட்டில் நான் உரத்த குரலில் முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதுவும் குழாயைத் திறந்துவிட்ட பிறகு.

அணி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். எங்கள் வட்டாரத்து டென்னிஸ் கிளப்புகள் கூடி ஒரு லீக் நடத்துகின்றன. நடத்துகின்றன என்பது மரியாதைக்குச் சொல்வது. சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாம் தொண்டு. லீக்கின் செயலாளர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஓர் ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வராதவரைத் தேர்ந்தெடுப்பதே எங்கள் ஜனநாயகம் என்பதால் அன்று செயலாளரானார். அதற்குப் பிறகு எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வருகிறார், விடுதலைதான் வரவில்லை.

ஓர் அணிக்கு இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் ஆண், ஒரு பெண். எந்தக் கிளப் மைதானத்தில் ஆட்டமோ அந்தக் கிளப் பந்தும் தேநீரும் தர வேண்டும். பருவத்தின் முடிவில் கடைசியில் நிற்கும் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். நடுவர் கிடையாது. உங்கள் பக்கம் விழுந்த பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை நீங்களேதான் சொல்ல வேண்டும். ஜோடியில் ஒருவர் உள்ளே என்று சொல்லி மற்றவர் வெளியே என்றால் புள்ளி எதிராளிக்கு. இந்த விதியை எழுதியவர் நிச்சயமாகத் திருமணம் ஆகாதவர்.

ஏனெனில் என் ஜோடி என் மனைவி.

எங்கள் கிளப்பின் இரண்டாம் அணிக்கு நான் கேப்டன். அலுவலகத்தில் என்னை 'ஏம்பா' என்பார்கள். வீட்டில் 'என்னங்க' என்பாள். அதுவும் பரணிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டியிருந்தால். கேப்டன் என்று கூப்பிட உலகில் அந்தக் கம்பி வேலிக்குள் மட்டும்தான் ஆள் உண்டு. ஆனால் அணி கீழே இறங்கினால் கேப்டனும் இறங்க வேண்டும் என்பது கிளப்பின் வழக்கம்.

அந்த ஆண்டு நாங்கள் கடைசிக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருந்தோம். தொங்கவிட்டவள் அவள்.

என் தொழில் நில அளவை. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். அவள் தொழில் அச்சகத்தில் பிழை திருத்துவது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்கு வேலை முடிவதில்லை. எதிரில் நான் இருக்கிறேன்.

முந்தைய நாள் ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் ஒரு பந்து என் காலடியில் விழுந்தது.

"அவுட்!" என்றேன்.

"உள்ள," என்றாள்.

"நான் பக்கத்துல நிக்கிறேன்!"

"நிக்கிறீங்க. பார்க்கலையே."

"கோடு எங்க இருக்குன்னு சர்வேயர்கிட்டயே சொல்றியா?"

"சர்வேயரய்யா, கோட்டுல பட்டா உள்ளதான். நமக்குப் புள்ளி வேணும்னா கோடு நகர்ந்து படுத்துக்குமா?"

வலைக்கு அந்தப் பக்கம் நின்ற எதிரணிக் கேப்டன் ஓர் இறைச்சிக் கடைக்காரர். இடுப்பில் கைவைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். "பேசி முடிங்கம்மா. எப்படி முடிஞ்சாலும் புள்ளி எங்களுக்குத்தானே?" என்றார்.

முடிந்தது. தோற்றோம். குளியலறையில் குழாயைத் திறந்தேன்.

நேரடியாக நீக்க முடியாது. நேரடியாக நீக்கினால் நான் வேறு பல இடங்களிலிருந்து நீக்கப்படுவேன். அப்போதுதான் விதிகளில் ஒன்று எனக்குத் தெய்வமாகத் துணை வந்தது. கீழ் அணி ஆட்டக்காரரை மேல் அணி அவசரத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் மூன்று முறை மேலே ஆடிவிட்டால், அந்தப் பருவம் முழுக்கக் கீழே இறங்க முடியாது.

முதல் அணிக்குக் கேப்டன் பல் டாக்டரம்மா. அவருக்குத் தொலைபேசினேன்.

"என் வைஃப் உங்க டீமுக்கு ரொம்பப் பொருத்தம் டாக்டர். கீழ கிடந்து வீணாப் போறா."

"அப்படியா? நீங்களா சொல்றீங்க?"

"கிளப்போட நன்மைக்காகச் சொல்றேன். நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

"சேச்சே," என்றார் டாக்டரம்மா. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர் தம் வாயை மூடிவைப்பார் என்று நான் நம்பியது என் வாழ்வின் பெரும் பிழைகளில் ஒன்று.

அழைப்பு வந்தது. அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"என்னங்க, முதல் டீமுக்குக் கூப்பிடுறாங்க. போகட்டுமா?"

"போயேன். நான் எப்படியோ சமாளிச்சுக்கிறேன்," என்று குரலை லேசாக உடைத்துக்கொண்டேன்.

"மூணு தடவை ஆடிட்டா திரும்பி வர முடியாதாமே?"

"தியாகம்னு ஒண்ணு வேணாமா வாழ்க்கையில?"

என்னை ஒரு கணம் பார்த்தாள். அச்சுப்பிழையைக் கண்டுபிடித்தும் இப்போதைக்கு இருக்கட்டும் என்று விட்டுவைக்கிற பார்வை. பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு போனாள். ஆடினாள். மறுபடி போனாள். மூன்றாம் முறை போனபோது நான் வாசல்வரை வந்து கையசைத்தேன்.

புது ஜோடிக்கு ஆள் தயாராக வைத்திருந்தேன். என் மைத்துனி. மனைவியின் தங்கை, மருந்துக் கடையில் வேலை. அக்காளைப் போலவே ஆடுவாள். அக்காளைப் போலப் பேச மாட்டாள். "சரி அத்தான்" என்ற இரண்டே சொற்களில் ஒரு மனித உறவு எவ்வளவு இனிமையாக நடக்கும் என்பதை அவளிடம்தான் கண்டேன்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் மைதானத்தில் ஆட்டம். காலையில் சமையலறையை எட்டிப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அவள் கூடத்தில் கால்மேல் கால் போட்டுச் செய்தித்தாளில் பிழைகளை வட்டமிட்டுக்கொண்டிருந்தாள்.

"டீ?" என்றேன்.

"குடிச்சுட்டேன்."

"எனக்கில்ல. மேட்சுக்கு. எட்டுப் பேருக்கு."

"அது ரெண்டாவது டீமோட டீ இல்லையா? நான் முதல் டீம். மூணு தடவை மேல போனவ கீழ இறங்கினா விதிமீறல் ஆயிடுமே."

"டீக்கெல்லாமா விதி?"

"எனக்கெதுக்குங்க வம்பு?" என்று அடுத்த பிழையை வட்டமிட்டாள்.

அன்றுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. எங்கள் அணியில் தொண்டு என் பெயரில் நடந்தது. தொண்டைத் தண்ணீர் வற்றியது அவளுக்கு. நால்வரையும் அழைத்து நினைவூட்டியது, பந்து வாங்கியது, தேநீர் போட்டது, ஆட்டம் முடிந்ததும் செயலாளருக்கு முடிவை அனுப்பியது எல்லாம் அவள். கேப்டன் என்ற முறையில் நான் செய்து வந்தது, நாணயத்தைச் சுண்டிவிடுவது.

நானே தேநீர் போட்டேன். பால் கொதித்தது, சர்க்கரை விழுந்தது, கோப்பைகள் பளபளத்தன. வந்த அணியின் கேப்டன் ஒரு மிடறு குடித்துவிட்டு நெகிழ்ந்தார்.

"சூடான பால் நல்லாயிருக்கு சார். டீ வருமா?"

தூளை மறந்திருந்தேன்.

போகட்டும். ஆட்டத்தில் வென்றோம். நான் அவுட் என்றேன். மைத்துனி "சரி அத்தான்" என்றாள். அதற்கடுத்த வாரமும் அவுட், சரி அத்தான். வட்டாரம் முழுக்க எனக்கு 'அவுட் அண்ணன்' என்று பெயர் விழுந்தது. விழட்டும். புள்ளியும் விழுந்தது.

கடைசி ஆட்டம் இறைச்சிக் கடைக்காரர் அணியோடு. தோற்பவர் கீழே இறங்க வேண்டும். செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"எதிர் டீம் நடுவர் வேணும்னு கேக்குறாங்க சார். அவுட் அண்ணன் ஆடுறார்னா நடுவர் இல்லாம மைதானத்துக்குள்ள கால் வைக்க மாட்டோம்கிறாங்க."

"தாராளமாப் போடுங்க. என் நேர்மைக்கு ஒரு சாட்சி கிடைச்ச மாதிரி இருக்கும்."

"மேல் பிரிவுல ஆடுறவங்க யாரையாவதுதான் போடணும். ஒருத்தர் இருக்காங்க, பொய்யே சொல்லாதவங்க. எதிர் டீம் அவங்களைத்தான் கேக்குது."

"சம்மதம்."

"யாருன்னு கேக்கலையே?"

"நேர்மைக்கு விலாசம் எதுக்கு சார்?" என்று வைத்துவிட்டேன். அந்த வசனத்தை எனக்கே பிடித்துப்போய்க் கண்ணாடி முன்பு நின்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், அந்த உயரமான நாற்காலியில் என் மனைவி. தொப்பி அணிந்திருந்தாள். கையில் பென்சில்.

"நீயா?"

"ஆட்டக்காரர்கள் நடுவரிடம் தேவையில்லாமல் பேசக் கூடாது," என்றாள், எழுத்துத் தமிழில்.

"இவ என் பொண்டாட்டி சார்! நடுநிலையா இருப்பான்னு எப்படி நம்புறீங்க?" என்று இறைச்சிக் கடைக்காரரிடம் முறையிட்டேன்.

"அதான் சார் நம்புறோம்," என்றார் அவர்.

ஜோடியாக இருந்தவரை அவளோடு வாதாடவாவது முடிந்தது. இப்போது அவள் வாக்கே தீர்ப்பு. சொந்தச் செலவில் அவளுக்கு நீதிபதிப் பதவி வாங்கிக் கொடுத்து, நானே கூண்டில் ஏறி நின்றேன்.

ஆட்டம் கடைசிப் புள்ளிகள்வரை இழுத்தது. மற்ற ஆட்டங்கள் சமமாக முடிந்திருந்தன. எங்கள் ஜோடிக்கும் இறைச்சிக் கடைக்காரர் ஜோடிக்கும் இடையில்தான் எல்லாம். எதிராளிக்கு இன்னும் ஒரு புள்ளி போதும்.

அவர் பந்தை வானத்துக்கு ஏற்றினார். அது வலையருகே நின்ற மைத்துனியின் தலைக்கு மேலே போனது. நான் பின்னோக்கி ஓடினேன். பந்து என் முதுகுக்குப் பின்னால் இறங்கியது. திரும்பினேன். கண்ணால் கண்டேன். கோட்டுக்கு நான்கு விரற்கடை வெளியே விழுந்தது.

வாயைத் திறந்தேன். வேலியோரம் நின்ற கூட்டம் முழுவதும் புன்னகையோடு காத்திருந்தது. அவுட் அண்ணன் அவுட் சொல்லப் போகிறார்.

"நீங்க மறைச்சிட்டீங்க. எனக்குத் தெரியலை," என்றாள் மனைவி மேலிருந்து. "ஆடுற ஜோடியே சொல்லலாம். பந்து எங்க விழுந்துச்சு?"

அந்தக் குரல்! சர்க்கரை டப்பாவில் ஸ்பூனை யார் விட்டது என்று, தெரிந்துகொண்டே கேட்கிற அதே குரல். இவளாவது பார்க்காமல் இருப்பதாவது! சோதிக்கிறாள். பொய் சொல்கிறேனா என்று ஊர் முன்னால் சோதிக்கிறாள்.

என் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. கருவியில் பிழை இருப்பது தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் அளவைப் படிக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் அவுட் என்ற பந்துகளையெல்லாம் இவள் உள்ளே என்றிருக்கிறாள். ஆகவே என் கண் ஒரு பிழையுள்ள கருவி. கண்ட அளவு, வெளியே நான்கு விரற்கடை. மனைவியின் திருத்தத்தைக் கழித்தால், உள்ளே. ஐயத்துக்கு இடமே இல்லை.

நெஞ்சை நிமிர்த்தினேன்.

"உள்ள!" என்றேன்.

இறைச்சிக் கடைக்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டார். வேலியோரம் யாரோ கைதட்டினார்கள். என் கண்களே கலங்கின.

"இல்ல அத்தான்," என்றாள் மைத்துனி.

"என்ன இல்ல?"

"அவுட். நல்லா அவுட். நான் திரும்பிப் பார்த்தேனே."

"சரி அத்தான்னு சொல்லும்மா!"

"எப்படி அத்தான் சொல்றது? நாலு விரல் வெளியே!"

மனைவி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "ஜோடிக்குள்ள கருத்து வேறுபாடு. புள்ளி எதிராளிக்கு. ஆட்டம் முடிந்தது."

இறைச்சிக் கடைக்காரர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். இப்படியொரு உத்தமரைப் பார்த்ததில்லை என்றார். அவுட் அண்ணன் என்று கூப்பிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அவர் தோளுக்கு மேல் தெரிந்த அந்தக் கோட்டையே நான் வெறித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"நெஜமாவே நீ பார்க்கலையா?"

"பார்க்கலைன்னு சொன்னேனே. நான் எப்போங்க பொய் சொல்லியிருக்கேன்?"

"என்னைச் சோதிக்கிறேன்னு நினைச்சேன்."

"உங்களையா? உங்களைச் சோதிக்க என்ன இருக்கு? டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க, நீங்க போன் பண்ணினதை."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சுமா மூணு தடவை போனே?"

"பின்ன? எட்டுப் பேருக்கு டீ போட்டுப் போட்டுக் கையே வெந்துபோச்சு. அந்த டீமை விட்டு எப்படி வெளிய வர்றதுன்னு நான் முழிச்சிட்டிருந்தேன். நீங்களே கதவைத் திறந்து, வாசல்ல நின்னு டாட்டாவும் காட்டினீங்க."

கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் நான் கேப்டன் பதவியிலிருந்து முறைப்படி இறங்கினேன். புதுக் கேப்டனாக என் மைத்துனி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். முன்மொழிந்தது அவள் அக்காள். அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். ஆனால் என் கண் பிழையுள்ள கருவியாயிற்றே.

புதுப் பருவம் தொடங்கியதும் கேப்டனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அத்தான், சனிக்கிழமை நம்ம மைதானத்துல மேட்ச்."

"நான் ஆடுறேனா?" என்றேன் ஆவலோடு.

"ஆடுறீங்க அத்தான். இந்தப் பருவம் அக்காதான் உங்க ஜோடி. அவங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கோட்டை அவங்க பார்த்துக்குவாங்களாம்."

"அப்ப நான் எதைப் பார்க்கணும்?"

"டீத்தூளை."

"சரி, கேப்டன்," என்றேன்.