கோயில் ஏலத்தில் எடுத்த காரை விற்பதாக இல்லை

சேசு மரி சூசை துணை

குளச்சல்,
9-2-1954, செவ்வாய்க்கிழமை.

தூத்துக்குடி உப்புக் கம்பெனியில் கணக்கராக இருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் சிலுவைதாசன் அவர்களுக்குத் தங்கை பிரகாசி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும், உங்கள் மச்சான் மரியஜானும், மகள் இசபெல்லும், ஆடு இரண்டும், காரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் மைனி சுகத்துக்கும் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஒதுக்கி வைத்திருந்தேன். உங்கள் கார்டு வந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அதை இரண்டாக்கியிருக்கிறேன். உங்கள் கோபத்துக்குத் தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்தக் கார்டைத் தபால்காரர் வாசித்துவிட்டுத்தான் என் கையில் தந்தார். முந்நூற்றொரு ரூபாய்க்கு நான் ஏலத்தில் எடுத்த காரைத் துருப்பிடித்த பெட்டி, கோழிக்கூடு, செத்த யானை என்று ஏழு குற்றம் சொல்லியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தேன். தங்கப்பன் நூற்றைம்பது தருவான், இந்த மாசத்துக்குள் அவனிடம் தள்ளிவிடு, இல்லாவிட்டால் ஈஸ்டர் கழிந்து நடக்கிற இசபெல் கல்யாணத்தில் தாய்மாமனாக வந்து நிற்கமாட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நன்றாகக் கேட்டுக்கொள்ளவும். விற்கமாட்டேன். நீங்கள் வராவிட்டால் தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலியில் அந்தக் கார்டை வைத்து, காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு தேங்காயையும் வைத்து, கல்யாணத்தை நடத்துவேன். இசபெல்தான் இரண்டு நாளாகச் சோறு தின்னாமல், "மாமா வராத்த கல்யாணம் எனக்கு வேண்டாம்மா" என்று மூலையில் இருக்கிறாள். இதற்கும் சேர்த்துத்தான் அந்த இரண்டாவது பத்து மணி.

யாரோ உங்களிடம் குறையும் கூடுதலுமாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நாம் சிறு பிள்ளைகளாக இருக்கும்போது சனிக்கிழமைதோறும் சிங்கி இறால் வாங்கக் கடற்கரைக்கு வருமே ரப்பர் தோட்டத்துத் துரையின் கார், அதேதான் இது. அதன் ஹாரனை நீங்கள் ஒரே ஒரு தடவை அமுக்கி டிரைவர் கையால் கன்னத்தில் வாங்கினீர்கள், உங்களுக்கு அப்போது பன்னிரண்டு வயது. துரை சீமைக்குப் போகிறபோது பத்து மாசச் சம்பளத்துக்குப் பதிலாகக் காரைத் தன் சமையல்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனார், சமையல்காரர் அதில் ஆறு வருஷம் கோழி அடைத்தார், போன மாசம் அவருக்குக் கல்லடைப்பு வந்து அந்தோனியார் புண்ணியத்தில் கல் இறங்கியதும் நேர்ச்சையாகக் காரைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார், அதை இருபது ஆட்கள் கரமடி வலைக் கயிற்றைக் கட்டி கரையில் நின்று மீன்மடி இழுக்கிற மாதிரியே பாட்டுப் பாடி இழுத்துக்கொண்டு வந்து கொடிமரத்தடியில் விட்டார்கள், திருவிழாவுக்கு மறுநாள் சேவலும் பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏலம் போனபின் உபதேசியார் காரின் படியில் ஏறி நின்று, "இது சும்மா காரு இல்ல மக்களே, வைசிராய்க்க மச்சினன் இருந்த சீட்டாக்கும்" என்றார். அறுபதில் நின்ற கார் அந்த ஒரு பேச்சில் தொண்ணூறுக்குப் போனது. வைசிராய்க்கு மச்சினன் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தொண்ணூற்றொன்று என்று கேட்டுவிட்டேன்.

அதற்குமேல் எல்லாரும் விலகிப்போனார்கள். தங்கப்பன் ஒருத்தன் மட்டும் நின்றான். மணிக்கு ஓரணாவுக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுகிறவன், நான் நூறு என்றால் நூற்றுப்பத்து என்கிறான், நான் இருநூறு என்றால் கடலைப் பார்த்துக்கொண்டு இருநூற்றுப்பத்து என்கிறான். "ஏலே தங்கப்பா, ஒனக்கு என்னத்துக்குலே காரு, வீட்டுல கதவே கெடையாதே" என்றேன். "ஒமக்கு மட்டும் என்னத்துக்குக்கா" என்றான். முந்நூறு என்று சொன்னவன் அதோடு வாயை மூடிக்கொண்டான். நான் முந்நூற்றொன்று என்றேன். உபதேசியார் மூன்றாம் தரம் சொல்லிவிட்டு, காரின் படியிலிருந்து இறங்கி என் பெயரைச் சீட்டில் எழுதினார்.

அது மாட்டுவண்டி விலை என்கிறீர்கள். அண்ணன் கணக்கர், நான் ஜெபப்புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவள், ஆனாலும் பதினோரு வருஷமாகக் கோயில் ஏல விலையை இசபெல்லின் மிச்சம்வந்த நோட்டில் எழுதி வருகிறேன். 1947-ல் சந்தையில் ஒண்ணேகால் ரூபாய் பெறும் சேவல் பதினோரு ரூபாய்க்குப் போனது, காரணம் சம்பந்திகள் இரண்டுபேருக்கும் வழக்கு. 1951-ல் ஒரே பூசணிக்காயை எடுத்தவர்கள் எல்லாம் திரும்பக் கோயிலுக்கே கொடுக்க, அது நாலு தடவை ஏலம் போய் இருபத்தாறு ரூபாய் சம்பாதித்தது. நம் ஊரில் அதற்குமுன் எந்தப் பூசணிக்காயும் அவ்வளவு சம்பாதித்ததில்லை. இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது, பொருளில் பாதி விலைதான் இருக்கிறது, மீதி பாதி பக்கத்தில் நிற்கிறவன் முகத்தில் இருக்கிறது. மல்லி கட்டி வந்த தாளில் படித்தேன், சீமையில் பழைய காரைப் புதுக்காரைவிடக் கூடுதல் விலை கொடுத்து எடுக்கிறார்களாம். ஏன் என்பது எழுதியிருந்த பாதி மிளகாய்ப் பொட்டலத்தில் போய்விட்டது. பரவாயில்லை, எனக்கே தெரியும். நாள் போகப் போக ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகும், மிஞ்சி நிற்பதற்குக் கிராக்கி ஏறும். நம் மீன் ஏலத்தில் கடைசி நெய்மீனுக்கு அடிபிடி நடப்பதை நீங்கள் பார்த்ததில்லையா. இன்னொன்று, மீனைக் குற்றம் சொல்லிக்கொண்டே நிற்கிறவன்தான் மீனை வாங்குவான். வேண்டாதவன் ஒன்றும் சொல்லாமல் நடந்துபோவான்.

வாங்கி வந்த பிறகும் என்னை ஒருவரும் நிம்மதியாக விடவில்லை. உங்கள் மச்சான் காரைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். "ஏட்டி பிரகாசி, வள்ளத்துக்கே எஞ்சின் இல்ல. வீட்டுக்கு காரா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவர் காசைத் தொட்டிருந்தால் அல்லவா எனக்குப் பயம். கயிறு திரித்ததும் முட்டை விற்றதும் சீட்டு எடுத்ததும் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து கூட்டிப் பாருங்கள். பங்குச்சாமி வந்தார். "பிரகாசி, அதைத் திரும்பக் கோயிலுக்கே தந்தால் இன்னொரு ஏலம் போடலாம், மோட்சத்தில் உனக்குப் பலன் உண்டு" என்றார். "சாமி, மோட்சத்துக்கு நான் நடந்தே வாறேன். எனக்க மக இனயத்துல மாப்பிள வீட்டுக்குக் காருல போவட்டு" என்றேன். சாமி ஆசீர்வதித்துவிட்டுப் போனார், கொஞ்சம் அவசரமாகத்தான் ஆசீர்வதித்தார்.

அதன்பின் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டாக்டர் வந்தார், பழைய கார் சேர்க்கிறவராம். பித்தளை விளக்கு இரண்டையும் தடவிப் பார்த்து, "இந்த மாதிரி நாட்டில் நாலுதான் இருக்கு, மூணு எங்கிட்ட" என்று சொல்லி நானூறு தருகிறேன் என்றார். ஒன்றும் இல்லாதவன் ஒன்று கேட்டால் நியாயம். மூன்று வைத்திருக்கிறவன் நாலாவதற்கு ஏங்குவதை அவருடைய மருந்துப் பெட்டியில் எதுவும் குணமாக்காது. அவருக்கும் இல்லை என்றேன். மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத்தன்று, "பெண்ணை மாட்டுவண்டியிலா, கட்டுமரத்திலா, எதுல கொண்டாருவிய" என்று கேட்டுச் சிரித்தது உங்களுக்கு மறந்திருக்கலாம், அன்று பந்தியில் பக்கத்தில் இருந்து நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு மறக்கவில்லை. எஞ்சினுக்கு மிஸ்திரி வந்து பார்த்தார், ஒரு வாரத்தில் சிங்கம்போல ஓடும் என்று சொல்லிப் பதினான்கு ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்.

ஆகவே நூற்றைம்பதுக்கும் இல்லை, நானூறுக்கும் இல்லை, அண்ணன் தம்பி சொந்தம் யார் வந்து நின்றாலும் இல்லை. இதற்கு மேலும் கார்டு எழுதுவதானால் கவரில் எழுதவும். மைனிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். மாதாவின் முக்காட்டு நிழல் உங்கள் வீட்டு ஓட்டின்மேல் எப்போதும் விழுந்திருக்கட்டும். உங்கள் கோபத்தை அந்தோனியார் கண்டுபிடித்து, எங்கேயாவது தொலைத்துவிடட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படியாத தங்கை,
ம. பிரகாசி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது தங்கப்பன் வந்தான். "எக்கா, கடைசியாட்டு நூத்தி எழுவத்தஞ்சு. சவத்த தந்திரும்" என்றான். கட்டன்சாயா கொடுத்தேன். பீடி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது ஒரு இன்லாந்து லெட்டர் கீழே விழுந்தது, அவன் பார்க்காமல் போய்விட்டான். விலாசம் எழுதியிருந்த கையெழுத்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. பிறர் கடிதம் வாசிப்பது பாவம், சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன். "தங்கப்பா, முந்நூறு வரை போ, விடாதே. ஹாரன் இருக்கிறதா என்று முதலில் பார். என் பெயர் வெளியே வரக்கூடாது, முக்கியமாகப் பிரகாசிக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணே, அப்போ தொண்ணூத்தொண்ணுல இருந்து முந்நூத்தொண்ணு வரைக்கும் நான் ஏறினது உங்க முதுகுலயா. கார்டில் ஏழு குற்றம் எண்ணினேனே, அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மேலே விற்கமாட்டேன் என்று எழுதிய இடங்களையெல்லாம் பேனாவால் அடித்துவிடவும். கார் உங்களுக்கே. முந்நூறு கொண்டுவந்தால் போதும், மேலே உள்ள ஒரு ரூபாய் உங்களை ஜெயித்த செலவு, அது என் கணக்கில் இருக்கட்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முந்தி வரவும். எஞ்சின் ஓடாது, மிஸ்திரி நாலு நாளாக ஆளைக் காணோம். கோயிலுக்கு இழுத்து வந்த அதே இருபது பேரிடம் கயிற்றோடு சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் முன்சீட்டில் இருந்தால் போதும். ஹாரன் பந்து கிழியவில்லை, நான் நேற்று ஒரு தடவை அமுக்கிப் பார்த்தேன். குளச்சல் முதல் இனயம் வரை மீதியை நீங்கள் அமுக்கவும். ஒருத்தனும் அடிக்கமாட்டான்.