ஃபேக்டரி அண்ணாச்சியும் ஜெர்மன் செட்டும்

வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை போடவில்லை என்று இரண்டு தலைமுறையாகப் பேசாமல் இருப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு பாட்டை எந்த வகையில் சேர்ப்பது என்பதற்காகப் பாதித் தென்காசியைப் பகைத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் என் பக்கத்து அறையில் குடியிருந்தார்.

சொந்தப் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ஃபேக்டரி அண்ணாச்சி. ஃபேக்டரிக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. உரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, மாதம் தவறாமல் பண்பொழி திருமலை முருகன் கோயிலுக்குப் போய்ப் படியேறுவார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவர் ஏறுவதைப் பார்க்கும் பெண்கள், "பக்திப் பாட்டு கேட்டுக்கிட்டே ஏறுதாரு பாரு" என்று தங்கள் கணவர்களை இடிப்பார்கள். அந்த ஹெட்போனைக் கழற்றித் தங்கள் காதில் வைத்துப் பார்த்திருந்தால் அப்படியே உருண்டு அடிவாரத்துக்குப் போயிருப்பார்கள்.

அதற்குப் பெயர் இண்டஸ்ட்ரியல் மெட்டல். மெட்டல் என்றால் மின்சாரக் கிதாரை ரம்பம் மாதிரி அறுத்து வாசிக்கிற வெளிநாட்டு முரட்டு இசை. அதோடு தொழிற்சாலை இயந்திரம் போன்ற தாளத்தையும் இரும்புச் சத்தத்தையும் சேர்த்துவிட்டால் இண்டஸ்ட்ரியல் மெட்டல். இப்படி இரண்டு வரியில் நான் சொன்னது தெரிந்தால் அண்ணாச்சி இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கே கிளம்பி வந்துவிடுவார்.

அந்த இசைக்குழுக்களின் பெயர்கள் என் வாயில் நுழையாது. அதனால் கரகாட்ட செட்டு, மேள செட்டு என்கிற கணக்கில் அமெரிக்க செட்டு, ஜெர்மன் செட்டு என்றே நாங்கள் பேசிக்கொள்வோம். அண்ணாச்சிக்கு அமெரிக்க செட்டு தெய்வம். ஜெர்மன் செட்டு கலப்படம்.

"ஒரு டெஸ்ட் இருக்கு, கேளும்வே. மெஷினோட பிளக்கைப் பிடுங்கணும். பாட்டு அங்கனயே செத்துட்டுன்னா அது இண்டஸ்ட்ரியல். பிடுங்கின பிறகும் கிதாரு அது பாட்டுக்கு ஓடுச்சுன்னா அது சும்மா மெட்டல். நம்ம செட்டுல மெஷினு வீட்டு ஆளு."

"ஜெர்மன் செட்டுல, அண்ணாச்சி?"

"விருந்தாளி. வந்தான், காப்பியைக் குடிச்சான், போய்ட்டான்."

நான் தலையை ஆட்டுவேன். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து அறைக்காரன், உயிரோடு இருக்க வேண்டாமா?

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அக்காவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. அண்ணாச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஸ்பீக்கர் வாங்கிவந்து பாட்டை ஓடவிட்டார். அக்கா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். "மோட்டாரு தண்ணி இல்லாம ஓடுது, புகைஞ்சிரும்! ரெண்டு பேரும் என்னத்தவே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று எங்களுக்கு அர்ச்சனை வேறு. கரண்ட் போனதும் பாட்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "பாத்தீரா? பிளக்கைப் பிடுங்கினதும் செத்துட்டு பாத்தீரா?" ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினால் பக்திப் பாட்டும்தான் நிற்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

வகை பிரிப்பதை எனக்கு விளக்குவதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒருமுறை கடையநல்லூருக்குக் கூட்டிப்போய்க் கைத்தறி ஓடுவதைக் கேட்க வைத்தார். அன்றைக்கே சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற்றி விசைத்தறியையும் கேட்க வைத்தார். "மொதல்ல கேட்டது இண்டஸ்ட்ரியல் ராக். மனுசன் கை தெரியுது, ஒரு நெளிவு இருக்கு. இது இண்டஸ்ட்ரியல் மெட்டல். இரக்கமே கிடையாது" என்றார். தறிக்காரர், நாங்கள் துணி வாங்க வந்த வியாபாரிகள் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நாங்கள் சத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பியதும் அவர் முகம் போன போக்கை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சாரல் சீசனில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனபோது நிலைமை இன்னும் மோசம். தலையில் தண்ணீர் விழ, கண்ணை மூடி, அசையாமல் நின்றார். "அருவி சத்தம் வெறும் நாய்ஸ். தாளம் இல்ல. ஆனா இடையில அந்தப் போலீஸ்காரர் விசில் அடிக்காரு பாரும், அது ஒரே சீரா வருது. அதோட சேத்துக் கேட்டா இண்டஸ்ட்ரியல்." அவர் சேர்த்துக் கேட்கக் கேட்க, அந்தப் போலீஸ்காரர் இவரை நகரச் சொல்லித்தான் இன்னும் இன்னும் பலமாக விசிலடித்துக்கொண்டிருந்தார். பின்னால் எண்ணெய் தேய்த்து நின்ற கூட்டம், "ஏய், குளிச்சாச்சுன்னா நகருமய்யா!" என்று கத்தியது. "மெட்டல்னு சொல்ல முடியாது, கிதாரு இல்ல" என்று அவர்களுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் சிரிப்பு நின்றது. பெண் வீட்டில் யாராவது பேச்சுக்கு, "தம்பி பாட்டெல்லாம் கேப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டால் போதும், பிளக்கில் ஆரம்பித்து விசைத்தறி வரைக்கும் போவார். மாப்பிள்ளைக்கு லேசாகப் புத்தி பேதலிப்பு என்று ஊருக்கு ஊர் செய்தி பரவியது. நாற்பதை நெருங்கிவிட்டார். ஆய்க்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய அம்மா வந்து என்னிடம் சொன்னார்: "செங்கோட்டையில ஒரு இடம் வந்திருக்கு. இதுவும் போச்சுன்னா இனிமே நான் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன், எனக்கு மானம் போகுது. நீயும் கூட வா தம்பி. இவன் பாட்டுப் பேச்சை எடுத்தா காலை மிதி. நல்லா மிதி."

பஸ்ஸில் அண்ணாச்சி ஹெட்போனைக்கூட மாட்டவில்லை. "மெஸ்ஸுல தனியா உக்காந்து சாப்பிட்டா சோறு தொண்டையிலயே நிக்குதுவே. இன்னைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பெண்ணின் தாய்மாமன் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மீசையைப் பார்த்தாலே செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தோன்றும். அவர் எடுத்த எடுப்பிலேயே, "மாப்ளே பாட்டு கேப்பீகளோ?" என்றார். நான் மிதித்தேன். "கேப்பேன்" என்றார் அண்ணாச்சி. அதோடு நிறுத்திவிட்டார். அவருடைய அம்மா மூச்சுவிட்டார்.

பஜ்ஜித் தட்டோடு வந்த பெண் நின்று கேட்டாள்: "என்ன பாட்டு?"

"மெட்டல்" என்றார் அண்ணாச்சி, குற்றவாளி மாதிரி.

"இண்டஸ்ட்ரியல் மெட்டல் கேப்பீங்களா?" தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "நான் ஜெர்மன்காரங்க பைத்தியம்!"

இரண்டு காலாலும் மிதித்தேன். பயனில்லை. அண்ணாச்சியின் காதுமடல் சிவந்துவிட்டது. விவரம் புரியாத தாய்மாமன் மகிழ்ந்துபோனார். "ரசனை ஒண்ணாப் போச்சே! மாடிக்குப் போயி ரெண்டு வார்த்தை தனியாப் பேசிட்டு வாங்க."

போனார்கள். நாங்கள் பஜ்ஜியில் கை வைத்தோம். பிறகு மாடியிலிருந்து காக்காய்கள் கூட்டமாகப் பறந்தன. நாங்கள் ஓடினோம். கொடியில் காய்ந்த துணிகளுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவள்.

"எங்க எம்.ஆர்.ஐ. மெஷினு பகல் பூரா டங்கு டங்குன்னு அடிக்குது. பிளக்கைப் பிடுங்கினா நின்னுரும். அப்ப அது இண்டஸ்ட்ரியல் மெட்டலா? உள்ள படுத்திருக்க பேஷன்ட்தான் பாடகரா?"

"அதுல கிதாரு இல்லயே!"

"அப்ப கிதாருதான முக்கியம்? நீங்களே சொல்லிட்டீங்கள்ல! ஜெர்மன்காரங்க ஆளுங்க மெஷின் மாதிரி வாசிக்காங்க. ஒரே அடி, ஒரே நடை, கூடுறதும் இல்ல, குறையுறதும் இல்ல. மனுசன் மெஷினா மாறுதான்ல, அதுதாங்க இண்டஸ்ட்ரியல்."

அண்ணாச்சியை எதிர்த்து யாரும் காரணத்தோடு பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பகைத்துக்கொண்ட பாதித் தென்காசியும் சும்மா எழுந்து போனதே தவிர, பதில் சொன்னதில்லை.

"யாரும் நகரக்கூடாது!" என்றார் தாய்மாமன். பழக்க தோஷம். இருவரையும் கீழே கூட்டிவந்து எதிரெதிரே உட்கார வைத்து விசாரணையைத் தொடங்கினார்.

"முதல்ல கை நீட்டினது யாரு?"

"யாரும் நீட்டல மாமா. ஜெர்மன் செட்டு எந்த வகைன்னுதான் பேச்சு" என்றார் அண்ணாச்சி.

"சரி. ரெண்டு தரப்பும் ஆதாரத்தைக் குடுங்க."

டி.வி. ஸ்பீக்கரில் முதலில் அமெரிக்க செட்டு ஓடியது. பிறகு ஜெர்மன் செட்டு ஓடியது. சித்தப்பாக்களும் அத்தைகளும் கடித்த பஜ்ஜியை மெல்லாமல் கேட்டார்கள். தாய்மாமன் கண்ணை மூடி, மீசையைத் தடவி, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"தீர விசாரிச்சாச்சு. ரெண்டும் ஒரே சத்தம்தான். அவன் தகரத்தை அங்கன போட்டு அடிக்கான், இவன் இங்கன போட்டு அடிக்கான். சமாதானமாப் போங்க."

நான் அத்தனை நாள் பொத்திவைத்திருந்த கருத்தை அவர் போட்டு உடைத்துவிட்டார்.

"ஒரே சத்தமா?" இரண்டு குரலும் ஒன்றாக எழுந்தன. அண்ணாச்சி தாய்மாமனுக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். அவள் இடப்பக்கம் உட்கார்ந்தாள். "நீங்க மொதல்ல கிதாரு தொனியைச் சொல்லுங்க" என்றாள். "இல்ல, நீங்க அந்த மனுசன் மெஷினாகுத கதையைச் சொல்லுங்க, அதுல கொஞ்சம் விஷயம் இருக்கு" என்றார். எத்தனையோ கலவரங்களை அடக்கிய மனிதர், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றார்.

அண்ணாச்சியின் அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "இதுவும் போச்சா தம்பி?"

நான் பார்த்தேன். பேச்சு மும்முரத்தில் அண்ணாச்சி தட்டைப் பார்க்காமலே பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளும் அவரை மறுத்துப் பேசிக்கொண்டே, பார்க்காமலே சட்னியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. அமைஞ்சிட்டு" என்றேன்.

தாய்மாமன் தொண்டையை நனைத்துக்கொண்டு முறைப்படி கேட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். "இவங்க சொல்லுதது பூராவும் தப்பு மாமா. எனக்குச் சம்மதம்."

"எனக்கும் சம்மதம்" என்றாள் அவள். "ஜெர்மன்காரங்க விஷயத்துல இல்ல."

கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அண்ணாச்சி கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் அவள் இவர் காதில் ஏதோ சொல்லுகிறாள், இவர் "இல்லவே இல்லை" என்று தலையை ஆட்டுகிறார். போட்டோகிராபர் கடைசியில் அழுதுவிட்டதாகக் கேள்வி.

இப்போது இருவரும் செங்கோட்டையில் இருக்கிறார்கள். என் பக்கத்து அறைக்கு ஒரு நல்ல பையன் குடிவந்திருக்கிறான். அவன் இருக்கும் இடமே தெரியாது. வீட்டுக்கார அக்கா நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

போன வாரம் அண்ணாச்சிக்கு ஒரு பாட்டை அனுப்பி, "அருமையான இண்டஸ்ட்ரியல் மெட்டல்" என்று எழுதினேன். அது வெறும் ராக் என்று இப்போது எனக்கே தெரியும். அடுத்த நிமிடம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாகச் சாயங்காலம் முழுக்க என்னைத் திட்டித் தீர்த்தார்கள். வயிறு நிறைந்தது. நாளைக்கு அனுப்ப இன்னொரு தப்பான பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.