எங்கள் வீட்டு ஜெயில்

எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவுக்குள் வெள்ளம் வந்து வடிந்த பிறகு வீட்டில் இரண்டு சாமான் வேலை செய்யவில்லை. ஒன்று டிவி. மற்றது இவருடைய இரக்கம்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், ஸ்ரீஸ்கந்தராசா. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைச் சங்கத்துக்குச் செயலாளர். அவர் பெயரே நீளம், கையெழுத்து அதைவிட நீளம். அந்தக் கையெழுத்துக்கு இப்போது பெரிய மவுசு. இந்தக் குடும்பம் இந்த ஒழுங்கையில்தான் இருக்கிறது என்று செயலாளர் சைன் வைத்தால்தான் வெள்ள நிவாரணம் வரும்.

எல்லோருக்கும் வைத்தார். பக்கத்து வீட்டுச் சுதர்சினிக்கு மட்டும் இல்லை. அவள் புருஷன் ஒஸ்வால்ட் குடித்துவிட்டு த்ரீவீல் ஆட்டோ ஓட்டி, தண்டம் கட்டக் காசில்லாமல் ஜெயிலில் இருக்கிறான். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவன் பெயர். வெள்ளத்தில் அவளுடைய தையல் மெஷின் போய்விட்டது. அந்த மெஷின்தான் பிள்ளைகளுக்குச் சோறு.

"ஜெயில்ல இருக்கிறவனுக்கு எதுக்கு நிவாரணம்? அவன்ர கால் நனைஞ்சதா?"

"அவளின்ர மெஷின் நனைஞ்சதப்பா."

"அரசாங்கம் அவனுக்கு மூண்டு நேரமும் சோறு போடுது. வாடகை இல்லை. கரண்ட் பில் இல்லை. மனிசியின்ர கரைச்சல் இல்லை. அது ஜெயிலே? ஹொலிடே!"

நான் ஆட்களோடு கதைக்கிறது குறைவு. யாராவது ஆபீசர் வந்தால் ரூம் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் இவரோடு கதைக்க அவ்வளவு போதும்.

"அப்ப நீங்களும் ஒரு நாள் ஹொலிடே போங்கோவன்."

"எங்க?"

"எங்கட ரூமுக்குள்ள. ஞாயிற்றுக்கிழமை விடிஞ்சதில இருந்து பின்னேரம் கோயில் மணி அடிக்கும் வரைக்கும். வெளிய வந்தா சுதர்சினிக்குச் சைன் வைக்கோணும். வராட்டி அவளைப் பற்றி நான் இனி வாயே திறக்கமாட்டன்."

"நித்திரை கொள்ளுறதுக்குப் பரிசா?" என்று சிரித்தார்.

ரூல் எல்லாம் அவரே போட்டார். ஞாயிறு காலையில் தலையணையோடு உள்ளே போனார். "இந்தா, போனையும் நீயே வச்சுக்கொள். வெளியால பூட்டு. வெளி நியூஸ் ஒண்டும் என்ர காதில விழப்படாது. ஜெயிலெண்டா ஜெயில்!"

நான் ஒரு வாளியை உள்ளே வைத்தேன்.

"இது எதுக்கு?"

"ஜெயிலெண்டா ஜெயில்தானே."

பூட்டினேன். குறட்டை ஒழுங்கை முனைவரை கேட்டது. மத்தியானம் ஜன்னலால் சோறும் பருப்பும் கொடுத்தேன்.

"மீன் எங்க?"

"ஜெயில்ல ஆரப்பா மீன் பொரிச்சுத் தருகினம்?"

முகம் சுருங்கியது. ஆனாலும் சாப்பிட்டார், பாடினார், திரும்பப் படுத்தார். உண்மையைச் சொன்னால், மனுஷன் வென்றுவிடுவார் போலத்தான் இருந்தது.

சோற்றுக்கோப்பை கழுவி முடியவில்லை, கிராம சேவகர் ஹமீட் சேர் பைலோடு வந்துவிட்டார்.

"வூட்டுக்காரர் எங்க தங்கச்சி? நிவாரணத்துக்கு இன்டைக்கித்தான் கடைசி நாள். குடும்பத் தலைவர் நேர்ல சைன் வெக்கோணும்."

உள்ளே குறட்டை நின்றது.

கதவுக்குப் பின்னால் போக எனக்கு வழியில்லை. அங்கே இவர் இருந்தார்.

"அவர் ஜெயில்ல, சேர்" என்றேன்.

"யா அல்லாஹ்! எப்ப புடிச்ச?"

"இண்டைக்குக் காலமை."

"சேர்! நான் இஞ்ச இருக்கிறன்!" என்று கதவு கத்தியது.

ஹமீட் சேர் கதவைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஜெயில்ல இருக்கிறவைக்குக் குடுக்கப்படாதெண்டு அவர்தான் சொல்லுறவர், சேர். எங்கட பேரை வெட்டிவிடுங்கோ."

"வெட்டாதேங்கோ சேர்! டிவி வாங்கோணும்! இஞ்சேர், கதவைத் திற!"

"கோயில் மணி இன்னும் அடிக்கேல்லையேப்பா."

"சைன் வைக்கிறன், திற!"

"ஆருக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில், "சுதர்சினிக்கும்."

திறந்தேன். இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு வியர்வையோடு வந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த சுதர்சினி பத்திரத்தோடு வாசலிலேயே நின்றாள். முதலில் அவளுக்குத்தான் வைத்தார், அந்த நீளக் கையெழுத்தை முழுசாக.

"தண்ணி வந்தது வூட்டுக்குள்ள. ஆள் எங்க இருந்தா என்ன? ஜெயில்ல எண்டா பொஞ்சாதிட சைன் போதும்." என்று ஹமீட் சேர் சிரித்துக்கொண்டே இரண்டு பத்திரத்தையும் பைலுக்குள் வைத்தார். சுதர்சினி என் கையைப் பிடித்தாள். அவளும் என்னைப்போல, கதைக்கிறது குறைவு.

எல்லோரும் போன பிறகு இவர் என்னை முறைத்தார்.

"ஹமீட் போன் பண்ணாமல் ஒரு வீட்டுக்கும் வாறதில்லையே?"

"காலமை உங்கட போனுக்குப் பண்ணினவர். 'பின்னேரத்துக்கு முன்னம் வாங்கோ சேர், இவர் இண்டைக்கு எங்கயும் போகமாட்டார்' எண்டு சொன்னனான்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அது வெளி நியூஸ்தானேப்பா."