இந்த வீட்டில் பூனை இல்லை, அக்கா

மினசோட்டா,
மே 14, செவ்வாய்க்கிழமை காலை

அன்பும் மரியாதையும் மிகுந்த ஆர்லிஸ் அக்காவுக்கு, தம்பி ஆர்வில் எழுதிக்கொண்டது.

இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே அரிசோனாவில் உன் மூச்சும், மூக்கும், வாசலில் வைத்திருக்கும் கள்ளிச்செடியும் நலமாக இருக்கக் கர்த்தர் அருள் செய்வாராக. ஏரியில் பனிக்கட்டி ஏப்ரல் கடைசியில்தான் உடைந்தது. சர்ச்சுக்குப் புதுக் கூரை போட்டாயிற்று, பழைய இடத்திலேயே ஒழுகுகிறது.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது என் பக்கம் பூனை கத்தியதாகவும், அது நாற்காலிச் சத்தம் என்று நான் சொன்னதாகவும், எழுபத்து நாலு வயதில் நாற்காலிக்கும் பூனைக்கும் உனக்கு வித்தியாசம் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். வீட்டில் பூனை இருந்தால் ஜூன் மாதம் வருவதாகச் சொன்னதை மறந்துவிடும்படியும் எழுதியிருந்தாய். நியாயம்தான். என் கல்யாணத்தில் பெண் வீட்டார் கோட்டில் ஒட்டியிருந்த பூனை முடிக்கே நீ முப்பத்தொரு தடவை தும்மியதையும், பாதிரியார் உறுதிமொழியை நிறுத்தி நிறுத்திப் படித்ததையும் நான் மறக்கவில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். இந்த வீட்டில் பூனை இல்லை. ஒரு பூனை வந்து போகிறது, அவ்வளவுதான். காலை ஆறரைக்கு வரும். மாலையில் போகும். சில நாள் போகாது.

கோபப்படாமல் முழுவதும் படி. என் வெர்னா கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷத்தில் என் வீட்டு மாடி அறையில் ஒருவர்கூட வந்து தங்கியதில்லை. கோடை முழுவதும் வந்து இருக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கே கடைக்குப் போய் மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து, இந்த முழங்காலோடு ஏணியில் ஏறி, அந்த அறைக்கு நானே அடித்தேன். நீ வரவேண்டும் அக்கா. ஒரு பூனைக்காக நீ வராமல் போனால் எனக்கு மனசு விட்டுப் போகும். இந்தப் பீடை எப்படி ஒட்டிக்கொண்டது என்று சொன்னால், தப்பு என்மேல் கொஞ்சம்தான், மீதி நம்மை வளர்த்த விதத்தின்மேல் என்று உனக்கே புரியும்.

மார்ச் மாதம், பனி உருகி வாசலெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு நாள், பின்பக்கக் கதவைத் திறந்தால் படியில் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை, நாலு பாதமும் வெள்ளை, கழுத்தில் பட்டை, தலை மட்டும் ஒரு முட்டைகோஸ் அளவுக்கு, உட்கார்ந்திருந்தது. விரட்டியிருக்க வேண்டும். எனக்கு வாசலில் நிற்பவர்களிடம் பேசித்தான் பழக்கம், விரட்டிப் பழக்கமில்லை. “உள்ள வர்றியா?” என்று சும்மா கேட்டுவைத்தேன். அது வேலியைப் பார்த்தது. இரண்டாவது தடவை கேட்டேன். மேப்பிள் மரத்தைப் பார்த்தது. அத்தோடு கதவைச் சாத்தியிருக்கலாம், ஆனால் இரண்டு தடவை கேட்டுவிட்டு மூன்றாவது தடவை கேட்காமல் கதவைச் சாத்துவது எந்த ஊர் மரியாதை? கேட்டேன். எழுந்து, பாதத்தை மிதியடியில் துடைத்துக்கொண்டு (சத்தியமாகத் துடைத்தது) உள்ளே வந்துவிட்டது. இந்த ஊர்ப் பூனை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். உன் ஒன்பது வயதில், பக்கத்து வீட்டுக்காரர்கள் எலுமிச்சை கேக் சாப்பிடுகிறாயா என்று கேட்டதும் நீ முதல் தடவையிலேயே “சரி” என்று தட்டை நீட்டியதில், அம்மா வெட்கத்தில் ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. முதல் தடவை வேண்டாம், இரண்டாவது தடவையும் வேண்டாம், மூன்றாவது தடவைதான் “உங்களுக்குச் சிரமமில்லைன்னா கொஞ்சமா” என்று அம்மா நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பாடம்தான் இன்றைக்கு என் கழுத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

தினமும் வர ஆரம்பித்தது. வீடு வாசல் உள்ள பூனையா இல்லையா என்று தெரிந்துகொள்ள, ஒரு துண்டுக் காகிதத்தில் “இந்தப் பூனை தினமும் எங்கள் வீட்டுக்கு வருகிறது, யாருடையது?” என்று எழுதிக் கழுத்துப் பட்டையில் கட்டி அனுப்பினேன். மறுநாள் பதிலோடு வந்தது. “இவன் பேர் கிளாரன்ஸ். உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் கொடுக்கலையே? கொடுத்தா தயங்காம சொல்லுங்க. இப்படிக்கு மூலை வீட்டு லவான்.” லவானை உனக்குத் தெரியும், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் பிறந்தவன் என்ன பதில் எழுதுவான்? வீடு பற்றி எரியும்போது தீயணைக்க வந்தவர்களிடமே “ஒண்ணும் அவசரமில்லை, காப்பி குடிச்சிட்டு மெதுவா அணைங்க” என்று சொல்லும் ஜாதி நாம். “தொந்தரவா? அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று எழுதிக் கட்டினேன். கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததே என்று “நல்ல பையன்” என்றும் எழுதித் தொலைத்தேன்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பூனை தபால்காரனாகிவிட்டது. காலையில் ஒரு சீட்டு, மாலையில் ஒரு சீட்டு. அவனுக்கு முட்டை மஞ்சள் கரு பிடிக்குமாம். அவன் எடை கூடியிருக்கிறதாம், தெருவில் யாரோ வெண்ணெய் கொடுக்கிறார்களாம், நான் கவனித்தேனா என்று கேட்டு ஒரு சீட்டு. கவனிக்கவில்லை என்று எழுதினேன். கொடுத்தது நான்தான். அதுவும் ஒரு தடவைதான், மற்ற தடவைகளில் அவன் தானாகவே நக்கினான்.

ஏப்ரலில் பழைய பால்பண்ணை மேனேஜர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து சர்ச் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். வெர்னா இருந்தால் கவலையில்லை. நானே மாட்டிறைச்சி வதக்கி, காளான் சூப் ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அவள் அடுக்குகிற மாதிரியே வரிசையாக அடுக்கி, அடுப்பில் சுட்டு, மேலே அலுமினியத் தாளை மூடி, ஆறட்டும் என்று பின்கட்டில் வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனேன். திரும்பி வந்தால் சூடான மூடியின்மேல் கிளாரன்ஸ் சுருண்டு தூங்குகிறான். எழுப்பிவிட்டுப் பார்த்தால் மூடியில் ஒரு பூனை அளவுக்குப் பள்ளம், காது வரைக்கும் தெரிகிறது. வேறு செய்ய நேரமில்லை. மூடியைக் கழற்றினால் உள்ளேயும் உருண்டைகள் அதே வடிவத்தில் அமுங்கியிருந்தன. அப்படியே கொண்டுபோய் மேஜையின் கடைசியில் வைத்தேன். எல்லோரும் வந்து பார்த்து, “வித்தியாசமா இருக்கே” என்றார்கள். நம் ஊரில் அதற்கு வாயில் வைக்க முடியாது என்று அர்த்தம், உனக்குத் தெரியும். லவான் மட்டும் நின்று நிதானமாகப் பார்த்து, ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, “நல்லா தூங்கினானா?” என்று கேட்டாள். நான் காப்பி கொண்டுவரப் போவதாகச் சொல்லிவிட்டுக் கழிப்பறையில் பத்து நிமிஷம் நின்றேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெர்னாவின் நாற்காலி இருக்கிறதே, ஜன்னலோரம், அதில் இரண்டு வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை. நானும் உட்கார்வதில்லை, தூசி மட்டும் துடைப்பேன். ஒரு நாள் மத்தியானம் பார்க்கிறேன், அதில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தூக்கிக் கீழே விட்டேன். ஏறினான். விட்டேன். ஏறினான். மூன்றாவது தடவைக்கு எனக்குத் தெம்பில்லை. அன்றையிலிருந்து அது அவன் நாற்காலி. போன வாரம் ஒரு நாள் அவனுக்குப் பேப்பரிலிருந்து மழை நிலவரம் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில்தான் உறைத்தது. என் நிலைமையைப் பார்த்தாயா?

இப்போது பெரிய இடிக்கு வருகிறேன். மே முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து காப்பி நேரத்தில், லவான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மகள் வீட்டோடு ஃபார்கோவுக்கே போய்விடப் போகிறாளாம், அந்த அடுக்குமாடியில் பூனை வைக்க அனுமதியில்லையாம். “கிளாரன்ஸை நீங்க வெச்சுக்கிறீங்களா ஆர்வில்?” என்றாள். வேண்டாம் என்றேன். அக்கா, நான் நிஜமாகவே வேண்டாம் என்றேன். எனக்கு நீ வருவது, உன் மூக்கு, மஞ்சள் பெயிண்ட் எல்லாம் ஞாபகம் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே, “அவனுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்” என்று இரண்டாவது தடவை கேட்டாள். வேண்டவே வேண்டாம் லவான், சிரமம் என்றேன். இதைவிட அழுத்தமாகச் சொல்ல நம் பாஷையில் வழியிருக்கிறதா? அவளுக்கு அது முதல் வேண்டாம், இரண்டாவது வேண்டாம் என்றுதான் கேட்டிருக்கிறது. மூன்றாவது தடவை கேட்டாள். என் வாய் தானாகத் திறந்தது. எழுபத்தொரு வருஷப் பழக்கம், அம்மா பரலோகத்திலிருந்து என் முதுகில் விரலால் குத்துகிற மாதிரி இருந்தது. “உங்களுக்குச் சிரமமில்லைன்னா” என்றேன். மறுநாள் அவனுடைய கிண்ணம், போர்வை, சீப்பு எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் என் வாசலில் இருந்தன. லவான் புதன்கிழமை போய்விட்டாள்.

இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. கடைசியில் நம் சித்தப்பா மகன் கெய்லனுக்குப் போன் செய்தேன். அவன் மாட்டுக்கொட்டகையில் எலி பிடிக்கப் பூனை தேவையாம். கிளாரன்ஸுக்கு எலி பிடிக்கத் தெரியாது, என் கார் ஷெட்டில் எலி வந்தபோது மரியாதையாக நகர்ந்து வழிவிட்டான். அதைக் கெய்லனிடம் நான் சொல்லவில்லை. சனிக்கிழமை வண்டியோடு வருகிறான். அன்றோடு இந்தச் சனி விலகும். கம்பளத்தை வெயிலில் அடித்து, திரையைத் துவைத்து, நாற்காலியை வெளியே போட்டு, ஒரு முடிகூட இல்லாமல் வீட்டைத் துடைத்துவைக்கிறேன். நீ ஜூன் ஒன்பதாம் தேதி சொன்னபடியே கிளம்பி வா.

உனக்கு நீண்ட ஆயுசும், தடங்கலில்லாத மூச்சும், ஜன்னலோர சீட்டும் ஆண்டவர் தருவாராக. உன் தெருவில் என்னை விசாரிப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் என் வணக்கம்.

என்றும் உன் தம்பி,
ஆர்வில்

பி.கு. சனிக்கிழமை மத்தியானம். இந்தக் கடுதாசிய நான் இன்னும் தபால்ல போடல. செவ்வாய்க்கிழமை மடிச்சு வெச்சேன், அது மேல அவன் படுத்துட்டான், எழுப்ப மனசு வரல, அப்படியே நாலு நாளாச்சு. காலையில கெய்லன் வந்தான். வண்டிக்குப் பின்னால கூண்டுப் பெட்டியத் திறந்து வெச்சுட்டு, “வர்றியாடா கிளாரன்ஸ்?”னு கேட்டான். இவன் படியில உட்கார்ந்து வேலியப் பார்த்தான். கெய்லன் திரும்பக் கேட்டான். மேப்பிள் மரத்தப் பார்த்தான். மூணாவது தடவை கேட்டான். அக்கா, இவன் எழுந்துட்டான். எழுந்து, என்னை ஒரு தடவை பார்த்துட்டு, பெட்டியப் பார்த்து நடந்தான். அவனுக்கும் மாட்டேன்னு சொல்லத் தெரியல. அதுக்கு மேல என்னால நிக்க முடியல.

“வேண்டாம் கெய்லன்”னேன். அவன் சிரிச்சான், “எனக்கு ஒண்ணும் சிரமமில்லண்ணே, கொண்டு போயிடறேன்”னான். “வேண்டாம்டா”ன்னேன். சரி, அண்ணன் மரியாதை பண்றார்னு நினைச்சுக்கிட்டு, காப்பிய ஒரு வாய் குடிச்சுட்டு, “நிஜமா கொண்டு போகட்டுமாண்ணே?”ன்னான். மூணாவது தடவையும் வேண்டாம்னேன். கெய்லன் கோப்பையக் கீழ வெச்சான். அவன் வயசுக்கு மூணாவது வேண்டாம் ஒண்ணக் கேட்டதே இல்ல. “உடம்புக்கு ஏதாவதா அண்ணே?”ன்னு நெத்தியத் தொட்டுப் பார்த்துட்டு, வெறும் பெட்டியோட போயிட்டான். கிளாரன்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கான்.

மாடி அறைக் கதவுக்குக் கொக்கி போட்டுட்டேன், அந்தப் பக்கம் அவன் காலடி படாது. தும்மலுக்கு இப்பல்லாம் நல்ல ஊசி இருக்காம், உன் டாக்டர்கிட்ட கேளு. நீ இதப் படிச்சுட்டு முதல்ல வேண்டாம்பே. நான் திரும்ப எழுதினா அப்பவும் வேண்டாம்பே. தபால் போய் வர ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் ஆகும், கோடையே முடிஞ்சுடும். அதனால மூணு தடவையும் இதுலயே கேட்டுடறேன்.

வர்றியாக்கா? வர்றியாக்கா? வர்றியாக்கா?