வாய் திறக்காத ஸ்பீக்கர்

புது ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. பஞ்சாபகேசன் அதன் தலையைத் தட்டினார், முதுகைத் தடவினார், கடைசியில் கும்பிட்டும் பார்த்தார். போனில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'கனெக்டட்' என்று பச்சை எழுத்தில் உறுதிமொழி வேறு. சத்தத்தை மட்டும் காணோம்.

ரிட்டயரான மனிதர் பொழுது போகாமல் ஆரம்பித்த வேலை இல்லை இது. எல்லாம் மனைவி விஜயத்துக்காக. மூன்று வருஷமாக அவளுக்குக் காது மந்தம். அதற்கு முன், கோட்டை மதிலுக்குள் இருந்த அந்த அக்ரஹாரத்து வீட்டில் சமையலே பாட்டுக் கணக்கில்தான் நடக்கும். ஒரு வர்ணம் முடிந்தால் பருப்பைக் கிளறலாம். ஒரு நீளமான ஆலாபனை போதும், சேனை வெந்துவிடும். காது போனதும் ரேடியோவை அவளே துணி போட்டு மூடி வைத்துவிட்டாள்.

இப்போது இரண்டு காதிலும் மெஷின். பதினைந்து நாள் வைத்துப் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது கிளினிக்கில் பேச்சு. வீட்டுக்கு வந்த முதல் வேலையாக ரேடியோவின் துணியை எடுத்தார் பஞ்சாபகேசன்.

"தகரத்தைச் சுரண்டறாப்ல இருக்குன்னா. அணைச்சுடுங்கோ" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள் விஜயம். அவர் ரேடியோவை மறுபடி துணி போட்டு மூடினார்.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் பையன் சுமந்த்தான் வழி சொன்னான். "ரேடியோவெல்லாம் எடுபடாது சித்தப்பா. ஹை குவாலிட்டி ஆப் ஒண்ணு இருக்கு, ஸ்டூடியோல பாடினது அப்படியே வரும். ஒரு ஸ்பீக்கர் வாங்கிக்கோங்கோ. ரொம்ப ஈஸி."

ஈஸி என்று சொல்பவர்களை எல்லாம் ஒருநாள் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். இருந்தாலும் மறுபடி அவனையே கூப்பிட்டார். அவன் குரல் மட்டும் போனில் கணீரென்று கேட்டது.

"வால்யூம் எவ்வளவு வெச்சிருக்கேள்?"

"நாப்பது."

"நூறு வெயுங்கோ."

வைத்தார். அடுக்களையில் கரண்டி ணங்கென்று கீழே விழுந்தது. ஸ்பீக்கர் அசையவில்லை. வெடித்துகிடித்து வைக்குமோ என்று பயந்து மறுபடி நாற்பதுக்கே இறக்கினார்.

ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். கடைக்காரர் பத்மகுமார் தன் போனில் ஒரு பாட்டைத் தட்டியதும் கடையே அதிர்ந்தது.

"பீஸுக்கு ஒரு குழப்பமும் இல்ல சாமி. உங்க வீடு வலுதல்லே, அத்தனை பெரிய வீட்டுக்கு இது போராது கேட்டோ" என்று அதை வாங்கி வைத்துக்கொண்டு, கிரைண்டர் உயரத்துக்கு ஒன்றைத் தலையில் கட்டினார்.

அதுவும் வாயைத் திறக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். என்றைக்காவது மனமிரங்காதா என்று காலை முதல் சாயங்காலம் வரை பாட்டை ஓடவிட்டுப் பார்த்தார்.

இதற்கு நடுவில் விஜயத்தின் நிலைமை மோசமாகிக்கொண்டு வந்தது. சாம்பாரில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கொடியடியில் கண்ணை மூடி நின்றாள். "விஜயம்! விஜயம்!" என்று இவர் போட்ட சத்தத்துக்கு எதிர்வீட்டு சிவகாமியம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள், விஜயம் திரும்பவில்லை. வெறுத்துப்போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு அவர் உட்கார்ந்தால், சற்று நேரத்தில் முகம் வாடி வந்து, "ஏதாவது கூப்பிட்டேளா?" என்பாள்.

இருந்த காதையும் மெஷின் கெடுத்துவிட்டது என்று பஞ்சாபகேசன் தீர்மானித்தார். பதினாலாம் நாள் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பழவங்காடி கோயில் வந்ததும் விஜயம் வண்டியை நிறுத்தச் சொல்லி, பிள்ளையாருக்குப் பதினோரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

"என்ன வேண்டுதல்?"

"சொல்லப்படாது."

கிளினிக்கில் ஷிஜா இருந்தாள். மெஷினைப் பொருத்திக் கொடுத்த பெண் அவள்தான்.

"இதைத் திருப்பி எடுத்துக்கோம்மா. முன்னெல்லாம் கூப்பிட்டா திரும்பிப் பாக்கவாவது செய்வா. இப்போ அதுவும் இல்லை" என்றார் பஞ்சாபகேசன்.

விஜயம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "தரமாட்டேன்."

"உனக்குத்தான் ஒண்ணும் கேக்கலையேடி!"

"நீங்க கூப்பிடறதுதான் கேக்கலை. பாட்டு கேக்கறதே."

"பாட்டா? எங்கேர்ந்து?"

"தெரியலைன்னா. பருப்பு வெந்துண்டிருக்கறச்சே தானா ஆரம்பிக்கும். தம்புரா தனியா, பிடில் தனியா, அத்தனை சுத்தமா... பிள்ளையார் குடுத்ததுன்னு நெனச்சேன். வெளில சொன்னா நின்னுடுமோன்னு பயந்துண்டு வாயத் திறக்கலை." அவள் கண் நிறைந்துவிட்டது.

இல்லாத பாட்டு கேட்கிறது என்றால், காதைத் தாண்டி வேறெதுவோ கெட்டுவிட்டது. பஞ்சாபகேசனுக்கு அழுகை வந்தது. நாற்பது வருஷத்தில் வெளியிடத்தில் பிடித்தறியாத அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெஷின் இருக்கட்டும் விஜயம். கேக்கறதுன்னா கேட்டுண்டு இரு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

ஷிஜா அவரிடமிருந்து போனை வாங்கினாள். இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அம்மைக்கு பட்டன் போன்தானேன்னு, அன்னைக்கு மெஷினை உங்க போன்லதான் சேர்த்து வெச்சேன் சார், நீங்க ஸ்பீக்கருக்குப் போட்ட பாட்டெல்லாம் இத்தன நாளும் அம்மையோட காதுக்குள்ளதான் பாடியிருக்கு!"